மாமா நடத்திய கரைச் சுற்றுலா

எங்கள் மாமா கப்பலில் வேலை பார்த்தார். சரக்குக் கப்பல் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏறிப் போகிற கப்பல். அதற்குள் கடைத்தெரு இருக்கும், ஆட்டம் பாட்டம் இருக்கும், குளிக்கக் குளம்கூட இருக்கும் என்று மாமா சொன்னபோது, சுற்றிலும் அத்தனை தண்ணீர் கிடக்கையில் உள்ளே எதற்குக் குளம் என்று பெரியம்மா கேட்டாள். மாமா, தானும் அதை யாரிடமும் கேட்டதில்லை என்றார்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி, பெரியம்மாவுக்கும் தம்பி. தென்காசியில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே தெருவில் இருந்தன. மாமா லீவில் வந்தால் காலைப் பலகாரம் ஒரு வீட்டில், மத்தியானச் சாப்பாடு இன்னொரு வீட்டில். கப்பலில் என்ன வேலை என்று கேட்டால் ஹவுஸ்கீப்பிங் என்பார். அம்மா அதை அக்கம்பக்கத்தில் "கப்பலையே பாத்துக்கிடுத வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். சாட்சிக்கு எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ. வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் கறுப்பு ஷூவுமாக மாமா நிற்பார். அவருக்குப் பின்னால் கப்பலின் பெரிய கதவு திறந்திருக்கும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா மகன் எனக்கு அண்ணன், எட்டாம் வகுப்பு. பிள்ளைகளா, எட்டாம் வகுப்பு படிக்கிறவனுக்கு உலகத்தில் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை. எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையெல்லாம் இதனால் வந்ததுதான்.

மாமா சொன்ன கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது மாயன் கோபுரக் கதை. மெக்சிகோ என்று ஒரு நாடு. அதன் கரையில் கப்பலைக் காலையில் நிறுத்துவார்கள், சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் சனங்கள் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். அதற்கு ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று பெயர். கரைச் சுற்றுலா என்று நான் அதைத் தமிழில் வைத்துக்கொண்டேன். காட்டுக்குள்ளே போனால் மாயன் என்கிற பழைய காலத்துச் சனங்கள் கட்டிய கல் கோபுரங்கள் இடிந்து கிடக்குமாம். செங்குத்தாகப் படிகள். படியில் உடும்பு மாதிரி ஒரு பிராணி படுத்து வெயில் காயும். மரத்து மேல் குரங்குகள் புலி மாதிரி உறுமும். கோபுரத்துக்கு முன்னால் நின்று கையைத் தட்டினால், தட்டின சத்தம் திரும்பி வராது. ஒரு பறவை கூவுகிற சத்தம்தான் வரும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, அது நம் மாயாண்டி சாமி கோவில் மாதிரியா, கொடைத் திருவிழா உண்டா என்று விசாரித்தாள். எனக்கோ அந்தப் பறவை மேலேயே நினைப்பு. கை தட்டினால் கல்லுக்குள்ளிருந்து பறவை எப்படிக் கூவும்? எங்கள் வீட்டுச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், மாட்டாஸ்பத்திரிச் சுவர், எல்லாவற்றின் முன்னாலும் நின்று தட்டிப் பார்த்தேன். எதுவும் கூவவில்லை. மாட்டாஸ்பத்திரியில் மட்டும் என்னை விரட்டினார்கள்.

அண்ணன் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "ஏலே, மாமா அந்தக் கோபுரத்தப் பாத்ததே கிடையாது. எல்லாம் கேட்ட கதை. பாத்திருந்தா ஒரு போட்டோ இருக்காதா? கதவுகிட்ட நிக்குத போட்டோ மட்டும்தான இருக்கு."

போட்டோ எடுத்தது மாமாவாக இருந்தால் அவர் எப்படிப் போட்டோவில் வருவார் என்று நான் வாதாடினேன். கடைசியில் பந்தயம் ஆனது. பந்தயப் பொருள், மாமா கொண்டுவந்த கப்பல் தொப்பி. நீல நிறம், முன்னால் நங்கூரப் படம். ஒன்றே ஒன்றுதான் கொண்டுவந்தார். பெரியவன் என்று அண்ணனுக்குப் போய்விட்டது. நான் ஜெயித்தால் தொப்பி எனக்கு. தோற்றால் மாமா எனக்குக் கொடுத்த கலர் பென்சில் பெட்டி அவனுக்கு. சோதனையை அண்ணனே வகுத்தான். கோபுரத்துப் படியில் ஏறும்போது கல் காலைச் சுட்டதா என்று மாமாவிடம் கேட்க வேண்டும். ஏறினவனுக்குத்தான் அது தெரியும்.

நான் அன்றைக்கே கேட்டுவிட்டேன். மாமா சிரித்துக்கொண்டே, "ஏறிட்டு வந்தா மூஞ்சியெல்லாம் தக்காளி மாதிரி சிவந்து போயிரும் மருமவனே. கொசு மருந்து வாசம் ஆளைத் தூக்கும். ஷூவெல்லாம் வெள்ளை மண்ணு" என்றார்.

அண்ணனுக்கு இது போதவில்லை. "நான் காலக் கேட்டா அவரு மூஞ்சியச் சொல்லுதாரு. செல்லாது" என்று தள்ளிவிட்டான்.

இந்த நிலையில்தான் மாமா, உங்கள் எல்லாரையும் ஒரு நாள் கப்பல் முறைப்படி கரைச் சுற்றுலா கூட்டிப் போகிறேன் என்றார். குற்றாலத்தில் காட்டு மிருகம், கடையநல்லூர் தாண்டி ஒரு பாறைக் குன்றில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோவில். இரண்டும் ஒரே நாளில். கல் கோவிலுக்கு முன்னால் மாமாவை நிறுத்திக் கை தட்டச் சொல்லலாம். இதை விட்டால் நான் பந்தயம் ஜெயிக்க வேறு இடம் கிடைக்குமா?

ஆனால் நாள் அமையவில்லை. வாடகைக்குப் பேசிய வேன் முதலில் ஒரு கல்யாணத்துக்குப் போனது, பிறகு வளைகாப்புக்குப் போனது. அதற்குள் மாமாவுக்குக் கப்பலிலிருந்து சீக்கிரம் வரச்சொல்லித் தகவல் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அவர் கப்பலுக்குக் கிளம்புகிற அந்த ஒரு நாள்தான். சாயங்கால ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானம். கிளம்புகிற நாளில் யாராவது ஊர் சுற்றுவார்களா என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். மாமா தன் பெட்டியைக் கொண்டுபோய் வேனிலேயே வைத்துவிட்டார். சுற்றிவிட்டு அப்படியே ஸ்டேஷன். ரயிலை விட்டால் விமானம் போகும், விமானத்தை விட்டால் கப்பல் போகும், கப்பல் போனால் வேலை போகும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாமாவே அன்றைக்குப் பலமுறை சொன்னார், கப்பல் நிக்காது என்று.

காலையில் மாமாவைப் பார்த்ததும் தெரு அசந்துவிட்டது. இஸ்திரி போட்ட பேன்ட், கண்ணாடி மாதிரி ஷூ. வேன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். ஸ்டிக்கரில் நம்பர். பெரியம்மாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு இரண்டு, அண்ணனுக்கு மூன்று, எனக்கு நான்கு. எங்கே இறங்கி ஏறினாலும் நம்பரை எண்ணிவிட்டுத்தான் வண்டி எடுப்பார்களாம். உங்கள் நம்பர் என்ன என்று நான் கேட்டதற்கு, தான் எண்ணுகிற ஆள், எண்ணுகிறவனுக்கு நம்பர் கிடையாது என்றார்.

கதவை ஒட்டி ஒரு தெர்மாகோல் பெட்டி. அதில் ஐஸ். ஐஸுக்குள் சின்னச் சின்ன முகத்துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார். புளியங்குடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த தண்ணீரில் நனைத்தவை. நாங்கள் சுற்றிவிட்டு வந்து ஏறும்போது, மாமா அடுப்படி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். முகம் துடைத்துக்கொள்ள வேண்டும். தரும்போது 'வெல்கம் பேக்' என்பார். பெரியம்மாவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை இறங்கி ஏறி அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் முதல் நிறுத்தம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. காட்டு மிருகம் பார்க்கிறபோது சத்தம் போடக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது, கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது என்று மாமா சொல்லி அனுப்பினார். அவர் வேன் கதவருகிலேயே நின்றுகொண்டார். டிரைவர் அண்ணாச்சிதான் எங்களை மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

நான் அதுவரை வீட்டு முற்றத்து அணிலைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மேலே கிளையில் ஒன்று படுத்திருந்தது. பூனையைவிடப் பெரிய உடம்பு, பழுத்த புளியம்பழத் தோல் நிறம், உடம்பைவிட நீளமான வால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முன்கை இரண்டாலும் ஒரு காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடித்தது. தோல் துணுக்குகள் என் தலையில் விழுந்தன. மலை அணில் என்று அண்ணாச்சி காதோடு சொன்னார்.

திரும்பி வந்ததும் மாமா துண்டைக் கொடுத்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வால் எவ்வளவு நீளம், என்ன தின்றது, நம்மைப் பார்த்துப் பயந்ததா, பெரியக்கா என்ன சொன்னாள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கேட்டார். கதை கேட்பதில் எங்கள் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது.

நாங்கள் அணிலைப் பார்த்த நேரத்தில் குரங்குகள் வேனைப் பார்த்திருக்கின்றன. மாமா கதையில் மூழ்கியிருந்தபோது பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு குரங்கு வந்து, பெரியம்மாவின் பழப்பையை எடுத்தது. பெரியம்மா பையை இழுக்க, அது பையை விட்டுவிட்டு அவள் தோளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து அதை உள்ளங்கையில் ஒட்டி ஒட்டிப் பார்த்தது. கப்பல் சட்டப்படி இப்போது ஒன்றாம் நம்பர் அதுதான், அதை ஏற்றிக்கொண்டு பெரியம்மாவை இறக்கிவிட வேண்டும் என்று டிரைவர் அண்ணாச்சி சொன்னார். பெரியம்மா, அது வந்தாலும் உங்களைவிட நல்லா ஓட்டும் என்றாள்.

வேன் கிளம்பியது. மாமா முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவர் அண்ணாச்சியிடம் மலை அணிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். வால் எப்படித் தொங்கும், காயை எப்படித் திருப்பும், தோல் எப்படித் தலையில் விழும் என்று. அண்ணாச்சியும் பாவம், தான் பார்த்ததையே புதிதாகக் கேட்கிற மாதிரித் தலையாட்டினார். அண்ணன் என் விலாவில் இடித்தான்.

"பாத்தியாலே? மாமா மரத்தடிக்கே வரல. பாத்தவரு மாதிரியே சொல்லுதாரு. கோபுரமும் இப்படித்தான்."

பென்சில் பெட்டி போனால் போகட்டும். கோபுரம் பொய் என்றால் உடும்பும் பொய், உறுமுகிற குரங்கும் பொய், கல்லுக்குள் கூவுகிற பறவையும் பொய். அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டால் ஒரு பையன் என்ன செய்வான்? குகைக் கோவிலுக்கு மாமாவை எப்படியும் கூட்டிப் போய், பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் மாமாவின் திட்டத்தில் ஒரு பெரிய தப்பு இருந்தது. அதில் குளியல் இல்லை. காட்டைப் பார்த்ததும் நேரே பாறைக் கோவில் என்று போட்டிருந்தார். பேரருவிக்குத் திரும்புகிற விலக்கு வந்ததும் பெரியம்மா மடியிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். காலையிலிருந்தே அதை மறைத்து வைத்திருந்திருக்கிறாள். சாரல் காலத்தில் குற்றாலம் வந்துவிட்டுத் தலை நனையாமல் திரும்பினால் தெருவில் எப்படி முகம் காட்டுவது என்று கேட்டாள். அம்மாவும் அவள் பக்கம். டிரைவர் அண்ணாச்சி யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பிவிட்டு, தன் தலையிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றச் சொன்னார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்த தலைகளை அதற்கு மேல் யாராலும் தடுக்க முடியாது.

பேரருவியில் என் அப்பா இருந்தார். அப்பா போலீஸ்காரர். சாரல் காலம் முழுக்க அவருக்கு அருவிக்கரையில்தான் டூட்டி. ஒரு கூட்டம் ரொம்ப நேரம் குளித்தால் விசில் ஊதி வெளியேற்றி அடுத்த கூட்டத்தை விட வேண்டும். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அருவி மண்டையில் விழுந்தது. அடி வாங்குகிற மாதிரியும் இருக்கும், ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரியும் இருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து பார்த்தேன். கரையில் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் விசில், இன்னொருவர் கையில் எங்கள் துணிகள். அத்தனை ஈரமான சனத்துக்கு நடுவில் அந்த இரண்டு பேர் மட்டும் காய்ந்து இருந்தார்கள். பெரியம்மா பெண்கள் பக்கத்தில் அசையாமல் நின்றதால் அப்பா எங்களுக்கும் விசில் ஊதினார். வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

குளித்ததும் பசிக்காதா? எலுமிச்சம்பழச் சோறும் துவையலும் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மாமாவின் திட்டம் எங்கேயோ போய்விட்டது. கடையநல்லூர் தாண்டிப் பாறைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. குற்றாலத்துச் சாரல் அந்தப் பக்கம் அவ்வளவு வருவதில்லை. அந்த நேரத்திலும் சுளீரென்ற வெயில். ஐந்து மணிக்கு வண்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார் மாமா.

வயல் நடுவில் படுத்துக்கிடக்கிற யானை மாதிரி ஒரு மொட்டைப் பாறை. அதன் இடுப்பில் குகையைக் குடைந்து தூண் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணாச்சி கையைக் காட்டினார். பாறைக்குப் போகிற வரப்பில் வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரின் சேறு. செம்மண் சேறு. பெரியம்மா, இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்று வேனிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அண்ணன் இறங்கினான். நான் மாமா கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. பெட்டி, இடுக்கி, துண்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கதவருகில் நின்றார்.

நீங்கள் வந்து கை தட்டினால்தான் பறவை கூவும் என்று சொன்னேன். கெஞ்சினேன். நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது.

"நீங்க போயிட்டு வாங்க மருமவனே. கதவுல ஆள் இல்லாம எப்படி?" என்றார்.

வரப்பில் கால் வைத்த அம்மா நின்று திரும்பினாள். மாமாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஏலே தம்பி, அங்கன கப்பல்லயும் நீ இப்படித்தான் நிப்பியா?"

மாமா சிரித்தார். "யாராவது நிக்கணும்லாக்கா."

அம்மா திரும்பி வந்து அவர் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டாள். "ஷூவக் கழட்டு. பிள்ளையளோட ஏறு. இன்னைக்கு நான் நிக்கேன்."

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, அதனால்தான் ஏறாமல் இருந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

மாமா ஷூவையும் காலுறையையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சேற்றில் அவர் கால் வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கோழிக்குஞ்சு முதல்முதலாகத் தண்ணீரில் கால் வைக்கிற மாதிரி வைத்தார். நாலு எட்டுப் போனதும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். பாறையில் வெட்டிய தேய்ந்த படிகளில் ஓடினார். குகைக்குள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வௌவால் வாசம். தூண்களை ஒவ்வொன்றாகத் தடவினார். கூரையில் எப்போதோ தீட்டிய சாயம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாமரை, ஒரு வாத்தின் கழுத்து, யாருடையதோ ஒரு கை. மாமா கழுத்தை வளைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கம் சொல்லாத மாமாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் பாறை உச்சிக்கு ஏறினார். நாங்களும் பின்னால் போனோம். மேலே ஒன்றும் இல்லை, காற்றுதான். சுற்றிலும் வயல், குளம், தென்னந்தோப்பு, மெதுவாகச் சுற்றுகிற காற்றாலைகள். தூரத்தில் குற்றாலத்து மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. கை தட்ட வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தினேன். மாமா ஷூக்களைக் கீழே வைத்துவிட்டு, உச்சியின் ஓரத்தில், கீழே செங்குத்தாக இறங்குகிற பாறைச் சுவரைப் பார்த்து நின்று, பலமாக ஒரு தட்டுத் தட்டினார்.

சத்தம் போய்ப் பாறையில் மோதியது. அடுத்த நொடி பாறையின் பொந்துகளிலிருந்து கிளிகள் கிளம்பின. ஒன்றல்ல, இரண்டல்ல. பச்சைப் பச்சையாகக் கீச்சென்று கத்திக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போயின. நான் குதித்தேன். கல்லுக்குள்ளிருந்து பறவை கூவிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அது நம் ஊர்க் கிளி, செல்லாது என்றான் அண்ணன். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நேரே மாமாவிடம் போனான். "மாமா, அந்த மாயன் கோபுரத்துல ஏறும்போது கல்லு காலச் சுட்டுதா?"

மாமா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண். ஒரு காலைத் தூக்கி மறுபடியும் பாறையில் வைத்தார். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை அது.

"இது சுடுதுலே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் அண்ணனை வெற்றியோடு பார்த்தேன். இது சுடுகிறது என்றால் அது சுடவில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டிலும் ஏறினவனுக்குத்தானே ஒப்பிடத் தெரியும்? அவன் செல்லாது என்று சொல்வான், நான் என்ன பதில் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவனோ மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழேயிருந்து ஹாரன் சத்தம். மாமா பாறையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு ஹாரன். எனக்குப் பயம் வந்துவிட்டது. காலையிலிருந்து எங்களை மணி பார்த்து மேய்த்தவர், ஒரு நிமிஷம் மருமவனே, ஒரே நிமிஷம் என்கிறார். மூன்றாவது ஹாரனை அண்ணாச்சி கையை எடுக்காமல் அடித்தார்.

அண்ணன் போய் அவர் தோளைத் தொட்டான். "மாமா, கப்பல் நிக்காது."

அதற்குப் பிறகு ஓட்டம்தான். படியில் ஓட்டம், வரப்பில் ஓட்டம். ஷூக்கள் மாமா கையில். வழுக்கி ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தார். இஸ்திரி போட்ட பேன்ட் போயே போய்விட்டது. வேன் கதவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கச் சொன்ன மாதிரியே, நிமிர்ந்து. இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து மாமாவிடம் நீட்டினாள். காலையிலிருந்து நாங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்த வார்த்தையைச் சிரிக்காமல் சொன்னாள்.

"வெல்கம் பேக்."

மாமா துண்டை வாங்கினார். அதை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. வண்டி கிளம்பி, அண்ணாச்சி ரயிலைப் பிடிக்கிற வேகத்தில் கடையநல்லூர்க் கடைத்தெருவைத் தாண்டுகிறவரை துண்டு முகத்திலேயே இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் தலையில் என்னவோ வந்து உட்கார்ந்தது. தொட்டுப் பார்த்தால் தொப்பி. "வச்சுக்கோ. ஜெயிச்சுட்ட" என்றான் அண்ணன். அவ்வளவுதான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோலிக்காய் விளையாட்டில்கூடத் தோற்றதை ஒப்புக்கொள்ளாதவன். ஒரு கிளிக்காக எப்படி விட்டுக்கொடுத்தான் என்று எனக்கு விளங்கவில்லை. சந்தோஷத்தில் விளங்கிக்கொள்ளவும் முயலவில்லை.

தென்காசி ஸ்டேஷனுக்குள் நாங்கள் ஓடினபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. சிக்னல் விழுந்துவிட்டது. மாமா பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு ரயில் படியில் உட்கார்ந்து ஷூவை எடுத்தார். கால் முழுக்கச் செம்மண், காய்ந்து வெடித்து. அம்மா ஓடிவந்து கடைசித் துண்டை நீட்டினாள். காலைத் துடைத்துக்கொண்டு போடு, சுத்தபத்தமாகப் போக வேண்டிய இடமில்லையா என்றாள். மாமா அவள் கையைத் தள்ளினார்.

"இருக்கட்டும்க்கா" என்றார். மண்ணோடேயே காலுறையை மாட்டினார். அதற்கு மேல் அந்தக் கறுப்பு ஷூவை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார். "போயிட்டு வாரேன்" என்று அவர் எழுந்ததும் ரயில் நகர்ந்தது.

நகர்கிற கதவில் மாமா நின்றார். எங்கள் வீட்டுப் போட்டோவில் நிற்கிற மாதிரியேதான் நின்றார். ஆனால் முகம் போட்டோவில் இருக்கிற முகம் இல்லை. வெயிலில் சிவந்து, தக்காளி மாதிரி இருந்தது.

ரயில் போன பிறகு அம்மா அந்த ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். எலுமிச்சை வாசம் வந்துகொண்டிருந்தது. ஷூவுக்குள் மண் உறுத்துமே, கப்பல் வரைக்கும் மாமா எப்படிப் போவார், ஒரு நிமிஷத்தில் துடைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். அம்மா துண்டை மெல்லப் பிழிந்தாள். அண்ணனிடம் கேட்டேன். எட்டாம் வகுப்புக்காரன், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன், என் தலையில் கோணலாக இருந்த தொப்பியை நேராக்கிவிட்டு வேனைப் பார்த்து நடந்தான்.

சரி, பெரியவர்களுக்கும் சில விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். நாளைக்கு மறுபடியும் போய் மாட்டாஸ்பத்திரிச் சுவரில் கை தட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தொப்பியோடு வேனில் ஏறினேன்.